காதுப் பரீட்சை

மடிக்கணினித் திரையில் மறுபடியும் பிழை என்று சிவப்புப் புள்ளடி விழுந்தது.

"பிழையான பதில் இல்லை, உது பிழையான மெசின்!" லெனாட் மேசையில் குத்திய குத்தில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

குருநகரில் முப்பது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறவர் லெனாட். எஞ்சினை ஒருக்கா உறுமவிட்டால் எந்தப் பிளக் செத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். அப்படிப்பட்ட காதுக்குத்தான் இந்த மெசின் புள்ளடிக்கு மேல் புள்ளடி போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் குழுவில் பாடும் யோசப்பின் என்ற பெண்ணால் வந்த வினை. திருநாள் பாட்டில் தனிக்குரல் யோசப்பினுடையது. ஆனால் ஒரு வருடமாக, லெனாட் வாயால் சுருதி கொடுப்பது ஒரு பக்கம் என்றால், யோசப்பின் பாட்டை எடுப்பது இன்னொரு பக்கம். போதாக்குறைக்குக் குழு முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"அவவை நிப்பாட்ட வேணும் சுவாமி" என்று பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொல்லியும் பார்த்தார்.

"இருபது வருஷமாய்ப் பாடுறவ, லெனாட். சும்மா நிப்பாட்ட ஏலாது. பிழையெண்டால் அவவுக்கே விளங்கிற மாதிரிக் காட்டுங்கோ."

காட்டத்தான் இந்தக் காதுப் பயிற்சிச் செயலி. இரண்டு சுரங்களை வாசித்துவிட்டு, இரண்டாவது கூடவா, குறையவா, இரண்டும் ஒன்றா என்று கேட்கும். நமக்கு வேண்டிய பாட்டை உள்ளே ஏற்றினால் அதிலிருந்தே கேள்வி எடுக்கும். லெனாட் பத்து நாள் மினக்கெட்டுத் திருநாள் பாட்டைச் சுரம் சுரமாகக் கணினியில் அடித்து வைத்திருந்தார்.

ஏற்றுகிற நேரத்தில்தான் சனியன் பிடித்தது. முதல்தரம் நாலு குரலும் ஒரே வரியில் குவிந்து, சிக்கிய வலை மாதிரி வந்தது. தனிக்குரலை மட்டும் பிரித்து ஏற்றினால், 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றது. வேறு விதமாகச் சேமித்து ஏற்றினார். பாட்டில் பாதியைக் காணவில்லை.

நாலாந்தரம் முழுப் பாட்டும் வந்தது. ஒரு புள்ளி பிசகாமல், அவர் அடித்தது அப்படியே திரையில் நின்றது. பரீட்சித்துப் பார்க்கத் தானே இருபது கேள்விக்கும் பதில் சொன்னார். இருபதுக்கு ஏழு!

"உள்ளை ஏறேக்கை சுரங்கள் மாறிப்போச்சு. திரையிலை காட்டிறது ஒண்டு, வாசிக்கிறது வேறை ஒண்டு!"

குசினியில் இருந்து மனைவி றெஜினா எட்டிப் பார்த்தார். றெஜினாவும் குழுவில் பாடுகிறவர்தான். "எனக்குச் சரியாய்த்தானே கேக்குது."

"உமக்கு எல்லாம் சரிதான்! போய் மீனைப் பாரும்."

றெஜினா குசினிக்குத் திரும்பினார். லெனாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். குனிந்தே இருந்ததில் இடுப்பு நாரி வலித்தது. கண் எரிந்தது. இந்தமுறை இருபதுக்கு ஆறு.

கணினியைத் தூக்கிக் கடலில் எறியலாமா என்று நினைத்த நேரம் படலை திறந்தது.

"மாஸ்ரர், வரச் சொன்னனீங்களாம்?" யோசப்பின் நின்றார். கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தவர் அப்படியே எழும்பி வந்திருக்க வேண்டும், பாவாடையில் நைலோன் நூல் ஒட்டியிருந்தது.

லெனாட் ஒரு கணம் யோசித்தார். மெசின் பழுதுதான். பழுதென்றால் என்ன? தனக்கே ஆறு போட்ட மெசின் யோசப்பினுக்கு மூன்றுக்கு மேலா போடப் போகிறது? சுவாமியாருக்குக் காட்ட அது போதும்.

"இதிலை இரும். ரெண்டு சத்தம் கேக்கும். ரெண்டாவது கூடவோ குறையவோ ஒண்டோ எண்டு மட்டும் சொல்லும். நான் அமத்திறன்."

யோசப்பின் கண்ணை மூடிக்கொண்டார். "கூட." பச்சை. "குறைய." பச்சை. "ரெண்டும் ஒண்டு, மாஸ்ரர்." பச்சை. லெனாட்டின் விரல் மெல்ல மெல்லத் தயங்கத் தொடங்கியது.

இருபதுக்கு இருபது.

"பிழைச்சிட்டனோ, மாஸ்ரர்?" அவர் முகத்தைப் பார்த்து யோசப்பின் பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லை... நீர் போயிட்டு வாரும்."

படலை சாத்துப்பட்டது. லெனாட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். றெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு வருடமாகச் செய்வதுபோல் அவருடைய வலது காதுப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இவ்வளவு நல்ல காதை வைச்சுக்கொண்டு, கோவிலிலை மட்டும் ஏன் விலகிப் பாடுறா?" லெனாட் திரையைக் காட்டினார். "வேணுமெண்டே செய்யிறாவோ?"

"அவ விலகிப் பாடேல்லையப்பா."

"அப்ப?"

றெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவதான் உங்களிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவ. ஒரு வருஷமாய் நாங்கள் எல்லாரும் அவவின்ரை சுருதியிலைதான் பாடுறம்."