பாதியில் நின்ற பாட்டு

“பாட்ட அப்படியே நிப்பாட்டுங்க. ஒரு உசுரு தூங்குது.”

ஆராதனை நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் வைகுண்டராஜ் கையை உயர்த்தியதும் பாட்டு பாதி அடியில் நின்றது. முன்வரிசையில் இருந்த பலவேசம் போதகர் திரும்பிப் பார்த்தார். வாசலோரச் சுவரில் சாய்ந்து ஒரு பெண் உறங்கிக்கொண்டிருந்தாள். கலைந்த தலை, சேறு படிந்த கால்கள். பாட்டுக்கு நடுவே எப்போது வந்து உட்கார்ந்தாளோ!

முல்லையாற்றங்கரையின் அந்தச் சின்னச் சபைக்குப் பலவேசம் அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தார். மாட்டுவண்டியை விட்டு இறங்கியவர் நேரே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். வைகுண்டராஜின் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்த்து மதுரையிலுள்ள மேலிடத்துக்கு எழுதவேண்டியது அவர் பொறுப்பு.

எழுந்துபோய் வைகுண்டராஜின் காதோரம் கேட்டார்.

“என்ன உபதேசியாரே இது? அடுத்தது என் பிரசங்கம். அந்தப் பொம்பளைய எழுப்பச் சொல்லுங்க.”

“வேண்டாங்கய்யா. தூங்கட்டும்.”

“ஆராதனையைவிடத் தூக்கம் பெருசா?”

“ஆராதனை இப்படித்தான்னு நாம ஒரு ஒழுங்கு போட்டு வச்சிருந்தோம். இன்னிக்கு ஆண்டவரு குறுக்க வந்துட்டாக. நாமதான் ஒதுங்கி நிக்கணும்.”

“இதையும் நான் எழுதத்தான் செய்வேன்.”

“எழுதுங்கய்யா. சத்தம் மட்டும் போட்டுறாதீக.”

பலவேசம் சபையைப் பார்த்தார். ஒருவராவது முணுமுணுப்பார் என்று நினைத்தார். ஆனால் பாட்டு நடத்திய ஞானபாக்கியம் புத்தகத்தை ஓசைப்படாமல் மூடினாள். சிணுங்கிய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி பக்கக் கதவு வழியாக வெகுதூரம் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே மலைப்பனி மெல்லக் கரைந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நெல் பூத்த வாசனை உள்ளே வந்து நின்றது. அந்தப் பெண்ணின் மூச்சு ஏறி இறங்க, சபையிலிருந்த நாற்பது பேரும் அதே மூச்சை விடுவதுபோல் அவருக்குத் தோன்றியது. மனப்பாடம் செய்து வந்த பிரசங்கம் ஒவ்வொரு வாக்கியமாக நழுவிப்போனது. போகட்டும் என்றிருந்தது. கூரையும் சுவரும் விலகி, தண்ணீரின்மேல் மிதப்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஜனங்கள் ஒவ்வொருவராக, பாதத்தை மெத்தென்று வைத்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வைகுண்டராஜ் மட்டும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

பலவேசம் அருகில் போய், தன்னை அறியாமலே கிசுகிசுத்தார்.

“யாருங்க அந்தம்மா? நம்ம சபையா?”

“என் வீட்டுக்காரிங்கய்யா. எங்க ஒத்த மகள அடக்கம் பண்ணி இன்னியோட ஆறு நாளாச்சு. இப்பத்தான் மொதத் தடவையாத் தூங்குறா.”