ஒழுகாத வண்டி

"இதுல ஏதோ திருட்டுத்தனம் இருக்கு" என்றபடி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார் கிஹாரா.

வண்டிக்காரர் லெஷோரேவின் முகம் சுருங்கிப் போயிற்று. "என்ன தம்பி, எஞ்சின்ல ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லையே. அதான் கோளாறு."

மரலால் ஊருக்குப் பழைய லேண்ட் ரோவர் வாங்க வருகிறவர்கள் எஞ்சினுக்கு நாடி பிடித்துப் பார்க்காமல் விட மாட்டார்கள். கிஹாரா அதில் பெரிய வைத்தியர். நியாஹுருருவிலிருந்து வந்து இறங்கியதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் நொண்டி எஞ்சின்கூட ஒழுங்காகக் கிளம்பிவிடும் அல்லவா. பானட் ஜில்லென்று இருந்தது.

வண்டியைக் கிளப்பச் சொன்னார். சட்டென்று பிடித்துக்கொண்டது. எண்ணெய் எரிந்து நீலப் புகை வருகிறதா என்று பின்னால் போய் நின்றார். வரவில்லை. அளவுக் குச்சியை உருவி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவினார். தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. கடைசியாக டார்ச்சோடு அடியில் படுத்தவர்தான் இப்போது எழுந்து நின்று முறைக்கிறார்.

"நாப்பது வருஷத்து வண்டி. இந்த ஜாதி வண்டியில எண்ணெய் ஒழுகலைன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, உள்ள எண்ணெயே இல்ல. இல்லன்னா, துடைச்சு மறைச்சிருக்காங்க."

"எண்ணெய் இருக்கறதை நீங்கதான் அளவு பாத்தீங்களே தம்பி. போன வருஷம் எஞ்சினை இறக்கி எண்ணெய் ஒழுகாம அடைக்கிற ரப்பர் சீல் எல்லாத்தையும் நானே மாத்தினேன். அதான் ஒழுகலை."

"எஞ்சினைக் கழுவியிருப்பீங்க."

"கழுவியிருந்தா இவ்வளவு தூசி இருக்குமா?"

"தூசியையும் நீங்களே தூவியிருப்பீங்க."

கிஹாரா சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"சரி, இவ்வளவு நல்ல வண்டியை எதுக்கு விக்கிறீங்க?"

"கண்ணுக்காகத்தான். இடது கண் பார்வை போயிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா வலது கண்ணும் போயிடும்னு நகுருவுல டாக்டர் சொல்லிட்டாரு."

"விக்கிறவங்க எல்லாரும் இப்படி ஒரு சோகக் கதை வெச்சிருக்காங்க" என்றார் கிஹாரா. கிளம்பும்போது இலவசமாக ஒரு புத்திமதியும் சொன்னார். "வியாபாரத்துக்கு நேர்மை வேணும் பெரியவரே."

இதற்கு முன் வந்த இரண்டு பேரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லெஷோரேவின் மனைவி சிமலோய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையைச் சொல்லிச் சொல்லி என்னத்தைக் கண்டீங்க? ஒரு கண்ணு போனதுதான் மிச்சம்."

அடுத்த வாரம் கிஹாராவே போன் செய்தார். வேறு வண்டி எதுவும் அமையவில்லையாம், இன்னொரு தடவை வந்து பார்க்கிறாராம்.

அவர் வருவதற்குள் சிமலோய் ஒரு காரியம் செய்தாள். வேலிக் கம்புகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூச வைத்திருந்த பழைய எஞ்சின் எண்ணெயை எடுத்து வந்தாள். எஞ்சினின் அடிப்பக்கம் கொஞ்சம் தடவினாள். மிச்சத்தை நேர் கீழே தரையில் ஊற்றினாள். கறுப்பாக ஒரு குட்டை தேங்கியது.

"என்ன பண்றே?" என்று பதறினார் லெஷோரே.

"உங்க கண்ணுக்கு மருந்து போடறேன்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"உங்களை யாரு சொல்லச் சொன்னா? வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, அது போதும்."

கிஹாரா வந்தார், குனிந்தார், பார்த்தார். காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

"அன்னிக்கு இது இல்லையே?"

"அன்னிக்குத் துடைச்சு வெச்சிருந்தோம் தம்பி. தப்புதான்" என்றாள் சிமலோய், தலையைக் குனிந்தபடி.

"அப்படி வாங்க வழிக்கு. எண்ணெய் ஒழுகறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. ஒரு ரப்பர் சீல் மாத்தினா சரியாயிடும். இப்பத்தான் எனக்கு இந்த வண்டி மேல நம்பிக்கையே வருது."

அந்த ஒழுகலுக்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். சிமலோய் உடனே சரி என்றாள். ஆபரேஷனுக்கு அந்த விலையே தாராளமாகப் போதும். பால் டீ வந்தது. வண்டிச் சாவி மேஜைக்கு வந்தது. கிஹாரா பணக்கட்டை வெளியே எடுத்துவிட்டு லெஷோரேவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பெரியவரே, தப்பை ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும். எத்தனையோ பேர்கிட்ட வண்டி வாங்கியிருக்கேன். யோக்கியமான மனுஷன்னு உங்களைத்தான் சொல்லுவேன்."

லெஷோரே கையை விலக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க உண்மை பேசியபோது கிடைக்காத பட்டம். தன் வலது கண் அந்தப் பணக்கட்டில்தான் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சிமலோயின் பார்வை அவரைக் கெஞ்சியது. ஆனாலும் அவரால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தம்பி, பணத்தை உள்ள வைங்க. அது ஒழுகின எண்ணெய் இல்ல. நாங்க ஊத்தினது. வண்டியில ஒரு குறையும் கிடையாது."

சிமலோய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

 கிஹாரா மெல்லச் சிரித்தார். பணக்கட்டை அவர் கையில் திணித்துவிட்டு, மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஒழுகலைன்னு சொல்லி, குறைச்ச விலையைத் திரும்ப ஏத்தலாம்னு பாக்கறீங்க. அதெல்லாம் நடக்காது. யோக்கியன்னு சொல்லி நான் இன்னும் வாயை மூடலை, அதுக்குள்ள பழைய பொய்யை ஆரம்பிச்சுட்டீங்களே பெரியவரே."