பேரலை

காஞ்சிபுரத்துக் கல்லூரியில் புகழ்பெற்ற ஓவியங்களை வைத்து நடன விழா. மகள் துளசி ஆடுவதைப் பார்க்கத் தென்னேரியிலிருந்து மனைவி வேணியோடு வந்திருந்தார் தணிகாசலம்.

திரை விலகியது. மேடையின் பின்புறம் முழுக்க ஜப்பான் ஓவியர் ஒருவர் வரைந்த பேரலைப் படம். அதன் முன்னால் படகோட்டிகளாக மூன்று பெண்கள் ஆடினார்கள்.

"துளசி எங்க வேணி? மூணு பேருதானே ஆடிக்கினு இருக்காங்க?"

"வருவா, சும்மா இருங்க."

"கேசட்டே முடியப் போகுது. அவளைச் சேத்துக்கல போலிருக்குது. வா, போலாம்." எழுந்தேவிட்டார்.

முரசு அதிர்ந்தது. படத்திலிருந்த அலை அசைந்தது!

நீலமும் வெள்ளையும் உடுத்தி, படிப்படியாக உயர்ந்த பலகைகளில் அதுவரை இமைக்காமல் நின்றிருந்த ஐம்பது பெண்கள், ஒரே அலையாகப் புரண்டு படகோட்டிகள்மேல் கவிந்தார்கள். நுரையின் உச்சியில் துளசி!

"உக்காருங்கப்பா, மறைக்குது" என்றார் பின்னாலிருந்தவர். தணிகாசலம் காதில் விழவில்லை.

"நம்மூரு ஏரி ஒடைஞ்சப்போகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்க்கல வேணி" என்றார்.