நீங்களே வச்சுக்குங்க

"வேண்டாம்மா. நீங்களே வச்சுக்குங்க."

சொல்லிவிட்டு, மேசை மேல் இருந்த கவரைப் பேனா முனையால் தள்ளினாள்.

கையால் தொடக்கூட அவளுக்கு மனசில்லை.

எதிரே நின்ற சீனியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

இது மூன்றாவது தடவை. முதலில் ஒல்லியாக வந்த கவர் இப்போது வயிறு புடைத்து வந்திருந்தது.

அந்தப் பேரூராட்சிக்கு அவள் செயல் அலுவலராக வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. சீனியம்மாள் கேட்பது வீட்டுக்கு ஒரு குடிநீர்க் குழாய். புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தெருக்குழாயில் குடத்தோடு நின்றால் அவரைப் பார்க்க ஆளில்லை. அவரோடு இருந்தால் அவரைக் கழுவத் தண்ணீரில்லை.

சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டியாகிவிட்டது. மனு வந்த அன்றே அவள் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

பிறகு ஏன் இந்த அம்மா வந்து வந்து நிற்கிறாள்? எரிச்சலாகக்கூட இருந்தது. கை சுத்தமானவர்களுக்கு மட்டுமே வரும் எரிச்சல் அது. கொஞ்சம் ருசியானதும்கூட.

சீனியம்மாள் கவரை எடுக்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்புட்டுன்னு வாயத் தொறந்து சொல்லிருங்க தாயி. குட்டி ரெண்டையும் வித்தாச்சு. இனி தாயாடுதான் கெடக்கு. சினையா இருக்கு, நல்ல வெலைக்குப் போவும். ஒரேயடியாக் கொண்டாந்துருதேன்."

அவளுக்குப் புரியவில்லை.

மெல்லத்தான் புரிந்தது.

சீனியம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள். பல அலுவலர்களைப் பார்த்துச் சலித்த கிளார்க். உள்ளே வந்தவர் கவரைப் பார்த்ததும் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்த அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று கேட்டாள்.

"முன்ன இருந்த சாரு அப்படித்தாம்மா சொல்லுவாரு. பத்தலைன்னா, 'வேண்டாம்மா, நீங்களே வச்சுக்குங்க'ன்னு பேனாவால தள்ளுவாரு. அவருக்கு முந்தி இருந்தவரும் அதேதான். பத்தலைன்னு வாயால சொல்ல மாட்டாக. நாகரிகம் தெரிஞ்சவுக. ஊருக்கே இது தெரியும்."

"நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே. குழாய் ஏன் போடலை?"

"நீங்க வாங்காம நாங்க எப்படிம்மா ஆள் அனுப்புறது? உங்கள மீறுன மாதிரி ஆயிராதா?"

கபடமில்லாமல்தான் கேட்டார். அந்த ஆபீசில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் மனம் கோணாமல் இன்னொருவர் நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அவள் கத்தினாள். இனி இங்கே எவரும் எதுவும் வாங்கக் கூடாது, இன்றைக்கே குழாய் போட்டாக வேண்டும் என்று மேசையைத் தட்டினாள்.

ஆவுடையப்பன் பணிவாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முன்னே இருந்தவரும் இப்படிக் கத்தியிருக்கிறார். ரேட்டை ஏற்றும்போதெல்லாம்.

வெளியே சீனியம்மாள் யாருடைய போனிலோ ஆட்டு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாயந்தரமே வந்து பிடிச்சுக்கிடுங்க, ஏவாரி. வெலையெல்லாம் பாத்துப் போட்டுக் குடுங்க."

அவள் எழுந்து போய்ச் சீனியம்மாளை உள்ளே அழைத்தாள்.

ஆவுடையப்பன் பார்க்க, கவரைக் கையால் எடுத்தாள். இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தாள்.

வேலைக்கு வந்த நாள் முதல் இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. ஒரு சினையாட்டைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

சீனியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆவுடையப்பனுக்கும் நிம்மதி. புது அம்மாவும் ஒருவழியாக மனுஷியாகிவிட்டார்.

அன்று மத்தியானமே குழாய் போட ஆள் போயிற்று.

மறுநாள் கவரோடு அவள் சீனியம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டாள். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வழியெல்லாம் வார்த்தை தேடினாள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வச்சுக்குங்க என்றும் சொல்லக் கூடாது. முன்னே இருந்த அந்தப் புண்ணியவான்கள் ஒரு நல்ல வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காமல் போயிருந்தார்கள்.

வாசலில் புதுக்குழாய். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் புருஷனைச் சாய்த்து உட்கார வைத்து, தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள் சீனியம்மாள். வாளி நிரம்பி வழிந்தது. அதற்கெல்லாம் கவலைப்படாமல் அவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வந்து நின்றவளைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

அவள் கைப்பையைத் திறந்து கவரை எடுத்து நீட்டினாள். தேடிய வார்த்தை எதுவும் வரவில்லை.

சீனியம்மாள் கவரைப் பார்த்தாள். முகம் மறுபடி சுண்டிப்போயிற்று.

சட்டென்று எட்டிக் குழாயை மூடினாள்.

சோப்பு நுரை கண்ணில் இறங்கியது. அந்த மனிதர் பேச்சு வராத வாயால் முனகினார்.

"தொறந்து விடுங்கம்மா. அவருக்குக் கண்ணு எரியுது."

சீனியம்மாள் அசையவில்லை. நீட்டிய கையில் இருந்த கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கவரைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

தண்ணீர் வந்தது.