மெத்தை மேல் ஆட்டம்

“குதிக்காதீங்க! எத்தனை தடவை சொல்றது, குதிக்காதீங்கன்னு!”

“டிவியில பொம்மை குதிக்குதே, நான் என்ன பண்ண? அது குதிச்சா நானும் குதிக்கணும். இல்லேன்னா மார்க் போயிடும்.”

“மார்க் போனா போகுது. வீடு போயிடும்!”

டிவி முன்னால் வியர்க்க விறுவிறுக்க நின்றார் பஸ் டிரைவர். காலடியில் விரித்திருந்த ஆட்டப் பாயில் அம்புக்குறிகள் மின்னின. திரையில் ஒல்லிப் பொம்மை இடுப்பை ஒடித்தது. இவருக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தே பல வருஷமாயிற்று. இருந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்த மெடிக்கல் டெஸ்டில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். வாக்கிங் போகச் சொன்னால் மனிதர் பேக்கரி வரைக்கும்தான் போவார். அதனால்தான் மனைவி தன் தம்பியிடம் கெஞ்சி இந்த வீடியோ கேமை வாங்கி வந்தாள்.

ஆடத் தொடங்கிய வாரமே கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். பெரிய ஆபீஸர். மடிப்புக் கலையாத சட்டை, அதிர்ந்து பேசாத குரல்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. என் ஒய்ஃபுக்குச் சத்தமே ஆகாது. தலைவலி வந்துடும். கொஞ்சம் பார்த்துக்கோங்க.”

அவ்வளவு தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனவர், மறுநாளே வீட்டு ஓனருக்குப் போன் போட்டுவிட்டார். ஓனர் சுற்றி வளைக்கவில்லை. “இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா காலி பண்ணிடுங்க.”

இந்த வீடு கிடைப்பதற்குள் நாய் படாத பாடு பட்டிருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் வேலை போகும், நிறுத்தாவிட்டால் வீடு போகும்.

மனைவி பரண்மேல் கிடந்த பழைய மெத்தையை இறக்கித் தரையில் போட்டாள். அதன் மேல் ரப்பர் ஷீட், அதற்கும் மேல் ஆட்டப் பாய். கணவர் காலில் ரெண்டு ஜோடி சாக்ஸ். டிவி சத்தத்தையும் அடியோடு குறைத்தாள்.

“பாட்டே இல்லாம எப்படிடி ஆடறது?”

“மனசுக்குள்ள பாடிக்கோங்க.”

டிரைவர் பூனை மாதிரி ஆடினார். சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விடும்போது வாசலில் ஆபீஸரின் பைக் வந்து நின்றது. உடனே தரைக்கு அடியிலிருந்து கேட்டது.

டொக். டொக். டொக்.

ஒட்டடைக் கம்பால் கீழே இருந்து இடிக்கிறார்கள். தூக்கின காலைக் கீழே வைக்கவும் பயந்துபோய் டிரைவர் அப்படியே நின்றார்.

“இது கூடவா கேக்குது? அந்தம்மாவுக்கு அது காதா, இல்ல வேற ஏதாவதா?”

“உஷ்! மெதுவாப் பேசுங்க. அவரு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு. வந்ததும் வராததுமா நம்ம சத்தம்னா அந்தம்மாவுக்குக் கோவம் வராதா?”

மறுநாள் குதிப்பதை விட்டுவிட்டுக் கையை மட்டும் ஆட்டினார். பைக் வந்தது. டொக், டொக், டொக். முந்தின நாளைவிடப் பலமாகவே இடித்தார்கள். அவள் ஓடிப்போய் டிவியை அணைத்தாள்.

“போதுங்க, விட்டுடலாம். இப்படிப் பயந்து பயந்து சாக முடியாது.”

பாய் சுருண்டு பரண் ஏறியது. மெத்தையும் ஏறியது.

அடுத்த நாள் சாயங்காலம் கணவர் டியூட்டியிலிருந்து வரவில்லை. அவள் தனியாக சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பைக் நின்றது.

டொக், டொக், டொக், டொக்!

நிற்காமல் இடித்தது, கம்பு உடைந்துவிடும் போல. அவள் காலைத் தூக்கி சோபா மேல் வைத்துக்கொண்டாள். ஆடவே இல்லையே! துணி மடிக்கிறது கூடவா கேட்கிறது? கீழே ஏதோ கனமாக விழுந்த சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கோபத்தில் அந்தம்மா கம்பைத் தூக்கி எறிந்துவிட்டாள் போலிருக்கிறது. நாளைக்கு ஓனர் போன் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் பைக் கிளம்பிப் போனதும் கீழே இறங்கினாள். ஆம்பிளையிடம் பேசுவதைவிடப் பொம்பிளைக்குப் பொம்பிளை கையைப் பிடித்துக் கெஞ்சிவிடலாம். பெல்லை அடித்தாள்.

உள்ளே சங்கிலி மாட்டியபடியே கதவு கொஞ்சமாகத் திறந்தது. சின்ன வயசுப் பெண். புழுக்கம் ஆளைக் கொல்கிறது, இவளோ முழுக்கை போட்டிருந்தாள். முகத்தில் பாதி கதவுக்குப் பின்னால் இருந்தது.

“கோவிச்சுக்காதம்மா. மேல் வீட்டுலேர்ந்து வரேன். உனக்குத் தலைவலின்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு. மெத்தை போட்டோம், சாக்ஸ் போட்டோம், அப்பவும் நீ தட்டினே. இப்ப ஆட்டத்தையே மூட்டை கட்டிட்டோம். இனிமே ஒரு சத்தம் வராது, சத்தியமா வராது. ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா.”

“ஐயோ, ஆட்டத்தை விட்டுட்டீங்களாக்கா?” அந்தப் பெண் பதறிப்போய் முகத்தை முன்னால் நீட்டினாள். மறைந்திருந்த பாதியில் கண் வீங்கி மூடிக் கிடந்தது.

“எனக்கு ஏதுக்கா தலைவலி? அவரு பைக் சத்தம் கேட்டதும் நான் தட்டினது, சீக்கிரம் ஆட ஆரம்பிங்கன்னு சொல்லத்தான். மேல ஆள் இருக்குன்னு தெரியற வரைக்கும்தான் அவரு என் மேல கை வைக்க மாட்டாரு.”