ஏணைக்குள்ள அம்மன்

"துடக்கு வந்த பொம்பிளையள் ஆரும் இருந்தால் இப்பவே சொல்லிப்போடுங்கோ, முருகா! நாயாத்துப் பாலத்தடியில பஸ் வரும். ஏறி வீட்ட போகலாம், முருகா!"

கனகலிங்கம் அண்ணை வேலைத் தூக்கிப் பிடிச்சபடி கத்தினார். முல்லைத்தீவில இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். குடிக்கத் தண்ணி கேட்டாலும் கடைசியில ஒரு முருகா போடுவார்.

மத்தியானம் நடந்து வரேக்கையே ஜெயரூபிக்கு மாதத் துடக்கு வந்திட்டுது. பிந்தட்டும் எண்டு குளிசை போட்டவள்தான். குளிசை நல்லா ஏமாத்திப்போட்டுது.

சொன்னால் பஸ். பஸ்ஸில ஏறினால் நேத்திக்கடன் அதோட சரி. வள்ளம் கவிண்டு, ஆள் முடிஞ்சுது எண்டு ஊரே அழுதாப்பிறகு, புருஷன் பிரதாபன் உயிரோட கரையேறினதுக்கு வைச்ச நேத்தி. அதைப் பாதியில விட்டால்? அவன் நாளைக்கும் கடலுக்குத்தானே போவான்?

வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

இருந்தாள் எண்டிறது பிழை. தொங்கினாள். ராத்தங்கிற இடத்தில பாம்பு பூச்சிக்குப் பயந்து பொம்பிளையளுக்கெல்லாம் பழைய மீன்வலையில தொட்டில் மாதிரி ஏணை கட்டியிருந்தது. மரத்துக்கு மரம் ஒராள், வலையில அம்பிட்ட பாரை மீன் மாதிரி.

வலை எண்டபடியா எந்தப் பக்கத்தால பாத்தாலும் எல்லாம் தெரியும். ஒதுங்கப் போகலாமெண்டால் பத்தைச்செடி முழங்கால் உயரம்தான். அங்கால ஆம்பிளையள் அடுப்பு மூட்டுகினம். எங்க போய் மாத்திறது? எழும்பினால் பாவாடையில கறை தெரியுமோ?

மறைப்பெண்டு இருந்தது ஒண்டே ஒண்டு. சிவனேஸ்வரி அக்காவின்ர ஏணை. சுத்திவரக் கயிறு கட்டி, சீலையளைத் தொங்கவிட்டு, நிலம் வரைக்கும் மூடி வைச்சிருந்தா.

"உதுக்குள்ள அம்மன் இருக்கிறா! ஆம்பிளையள் ஒருத்தரும் கிட்ட வரப்படாது!"

வந்தவுடனயே அறிவிச்சுப்போட்டா. அவாவின்ர தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

'அவாவுக்கு மட்டும் மாளிகை. நாங்கள் கருவாடு மாதிரிக் காய வேணும்' எண்டு ஜெயரூபி மனசுக்குள்ள புறுபுறுத்தாள்.

பொம்பிளையள் ஒவ்வொருத்தரா அம்மனுக்கு விளக்கு வைக்க உள்ள போய் வந்தினம். பக்கத்து ஏணைக் கஜேந்தினி வெளியில வரேக்க முகம் பளிச்செண்டு இருந்தது.

"போட்டு வாங்கோ ரூபியக்கா. போனால்தான் தெரியும் அம்மன்ர அருமை."

"நீ போடி. எனக்குக் கால் நோகுது."

சிவனேஸ்வரி அக்கா இடுப்பில கையை வைச்சுக்கொண்டு வந்து நிண்டா.

"எடி ஜெயரூபி! எல்லாளவையும் அம்மனிட்டப் போட்டு வந்திட்டாளவை. நீ மட்டும் ஏன் தொங்கிக்கொண்டு கிடக்கிறாய்?"

"கால் கொப்பளிச்சிட்டுது அக்கா."

"உன்ர காலுக்கும் அம்மனுக்கும் என்னடி சண்டை?"

"பேந்து போறன் அக்கா. இன்னும் முகம் கழுவேல்லை."

அக்கா அவளை மேலையும் கீழையும் பாத்தா. ஜெயரூபி துவாயை இழுத்து மடியில போட்டாள். போச்சு. அக்காவுக்குத் தெரிஞ்சிட்டுது.

துடக்கோட அம்மனிட்டப் போனால் அம்மன் சும்மா விடுவாவோ? அந்தக் கோவம் கடலில நிக்கிறவனிலயெல்லோ விழும்? போகாட்டில் பஸ்.

"கனகலிங்கம் அண்ணை!" எண்டு அக்கா போட்டா ஒரு சத்தம்.

இனிப் பஸ்தான் எண்டு ஜெயரூபி பையை எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, முருகா?"

"இவள் ஜெயரூபி அம்மனுக்கு விளக்கு வைக்கப் போறாள். ஆம்பிளையள் எல்லாரும் கடல் பக்கம் திரும்பி நிண்டு தேவாரம் பாடுங்கோ! நான் சொல்லும்வரைக்கும் ஒருத்தரும் திரும்பப்படாது!"

ஆம்பிளையள் திரும்பினாங்கள். கனகலிங்கம் அண்ணை மாடு கத்தின மாதிரித் தேவாரத்தைத் தொடங்கினார்.

"அக்கா, வேண்டாம் அக்கா, நான்..."

"வாயை மூடிக்கொண்டு வா."

அக்கா கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், சீலையை விலத்தி உள்ள தள்ளிவிட்டா.

ஜெயரூபி கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டாள். "தாயே, என்னைத் தண்டி. அந்த மனுசனை விட்டிடு."

ஒண்டும் நடக்கேல்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

அம்மனைக் காணேல்லை. படமும் இல்லை, விளக்கும் இல்லை.

ஏணைக்குள்ள பொம்பிளையள் வைக்கிற பாட் பக்கற் ரெண்டு. தோய்ச்சு மடிச்ச பருத்தித் துணி. மாத்துப் பாவாடை. கீழ ஒரு வாளி தண்ணி, சவுக்காரம், பழைய பேப்பர், வாய் கட்டின பை ஒண்டு.

சீலைக்கு அங்கால அக்காவின்ர குரல். அந்தத் தொண்டைக்கு இவ்வளவு மெல்லமாவும் கதைக்கத் தெரியுமெண்டு ஜெயரூபிக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

"ஆறுதலாக் கழுவி மாத்து பிள்ளை. பாவிச்சதைப் பேப்பரில சுத்திப் பைக்குள்ள போடு, நான் மண்ணுக்குள்ள தாட்டுவிடுறன். அவசரமில்லை. அண்ணையிட்ட இன்னும் நிறையத் தேவாரம் இருக்கு."

ஜெயரூபிக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்தது. வாளித் தண்ணியில முகத்தையும் கழுவிக்கொண்டு வெளியில வந்தாள்.

"முடிஞ்சுதண்ணை, திரும்புங்கோ!" எண்டு அக்கா கத்தினா. பழைய தொண்டை.

கனகலிங்கம் அண்ணை கையில கற்பூரத்தோட ஓடி வந்தார். தூரத்திலயே நிண்டு, அந்த ஏணையைப் பாத்து, விழுந்து கும்பிட்டார். எழும்பி, அந்த மண்ணை எடுத்து நெத்தியிலயும் பூசினார்.

"நடந்து வந்த வழியில துடக்குப் படாத இடமெண்டால் இது ஒண்டுதான், முருகா!"