மூன்றாவது பேட்டரி

அந்த பைக்கில் ஒரே வருஷத்தில் மாட்டிய மூன்றாவது பேட்டரி அது. வந்த அன்றே ஹாரன் சொல்லிவிட்டது: "உனக்கு முன்னாடி ரெண்டு பேர் பட்டறைப் பெட்டியில கிடக்கிறாங்க. அடுத்து நீதான் தம்பி."

கரண்டை அளந்து ஊட்டும் ரெகுலேட்டர் சிரித்தது. "நான் வயிறாரத்தான் ஊட்டினேன். அவனுங்களுக்குச் செரிக்கல."

ஒரே வாரத்தில் பேட்டரிக்குப் புரிந்துபோனது. எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒரு வாய் கரண்ட் வரவில்லை. ரெகுலேட்டர் புளுகுகிறான். சும்மா சாக மாட்டேன் என்று அது முடிவு செய்தது.

மாசக் கடைசியில் வண்டி பட்டறைக்குப் போனது. மெக்கானிக் எப்போதும் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்பார்; ரெகுலேட்டர் ஊட்டுகிறதா என்பது அதில் தெரியாது. "பேட்டரி போச்சு" என்பார். இன்றைக்கு உதைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

"அண்ணே, அணைக்கிறதுக்குள்ள கத்து!" என்று பேட்டரி மிச்சமிருந்த உயிரையெல்லாம் ஹாரனுக்குக் கொடுத்தது.

யாரும் அழுத்தாமலே ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. மெக்கானிக் நிமிர்ந்தார். "இவ்வளவு முறுக்கியும் சார்ஜ் ஏறலையா?" அணைக்காமலே மீட்டரை வைத்துப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார்.

சாயங்காலம் ரெகுலேட்டர் பெட்டிக்குள் வந்து விழுந்தது. பழைய பேட்டரிகள் இரண்டும் நகர்ந்து இடம் விட்டன.

"வாண்ணே," என்றது ஒன்று. "சாப்பிட்டியா?"